நனைத்து அழித்த ஏடு

பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தூணில் 48ஆம் விதி கடன்பட்ட ஒரு குடியானவனைப் பற்றியது. வட்டிக்கு வாங்கியிருக்கிறான். அந்த வருஷம் இடிமழைத் தெய்வமான அதாத் அவன் வயலை அடித்துப் போட்டுவிட்டார். அல்லது வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. அல்லது தண்ணீரே வராமல் கதிர் பிடிக்கவில்லை. அப்படியானால் அந்த வருஷம் அவன் கடன் கொடுத்தவனுக்குத் தானியம் அளக்க வேண்டியதில்லை. அந்த வருஷத்து வட்டியும் கட்ட வேண்டாம். இந்த இரண்டு சலுகைகளுக்கும் நடுவே சட்டம் ஒரு செயலைச் சொல்கிறது: அவன் தன் ஏட்டை நனைப்பான்.

ஏடு என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற களிமண் ஏடு. சூளையில் சுட்டதல்ல, வெயிலில் காய வைத்தது. தண்ணீர் பட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கும், மண் இளகும், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், மேலே வேறு எழுதலாம். கடன் பத்திரம் மறுபடி வெறும் களிமண்ணாகிவிடும்.

ஹமுராபி என்றதும் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிட்டது. எனக்கோ அந்தத் தூணில் இருக்கும் ஏறத்தாழ 280 விதிகளில் இந்த நனைந்த ஏட்டைத் தாண்டிப் போவது கடினமாக இருக்கிறது. எழுத்தை உலகுக்குத் தந்தவர்கள் சுமேரியர்கள் என்று சொல்கிறோம். எழுதிய கணக்கை எப்போது அழிக்க வேண்டும் என்ற கேள்வியை முதலில் எழுப்பி விடை கண்டவர்களும் அந்த மண்ணின் மக்கள்தான். இந்த இரண்டாவது சாதனை அதற்குரிய மதிப்பைப் பெறவில்லை என்பது என் எண்ணம்.

டைகிரிஸும் யூப்ரடீஸும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் தென் ஈராக். அங்கே கல் கிடையாது, உலோகம் கிடையாது, வீடு கட்ட ஏற்ற மரம் கிடையாது. களிமண்ணும் நாணலும்தான் உண்டு. சுவர் களிமண், பானை களிமண். மிகப் பழைய காலத்தில் கதிர் அறுக்கும் அரிவாளைக்கூடக் களிமண்ணில் சுட்டுச் செய்திருக்கிறார்கள். மழையை நம்பி அங்கே விவசாயம் நடக்காது. மலைப்பனி உருகி ஆறுகள் பெருகுவது ஏப்ரல், மே மாதங்களில். பார்லி அறுவடையும் அப்போதுதான். விதைத்து நீர் பாய்ச்ச வேண்டிய இலையுதிர் காலத்தில் ஆற்றில் நீர் மெலிந்து கிடக்கும். கதிர் முற்றி நிற்கும்போது வெள்ளம் வரும். ஆகவே வாய்க்கால் வெட்ட வேண்டும், கரை கட்ட வேண்டும், வருஷா வருஷம் தூர் வார வேண்டும். தனி ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை அல்ல அது. ஆள் திரட்ட வேண்டும், திரண்ட ஆட்களுக்குப் படியளக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு அளந்தோம் என்று கணக்கு வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கிலிருந்துதான் எழுத்து வந்தது. ஊருக் நகரத்தின் எயன்னா கோயில் வளாகத்தில் ஜெர்மன் அகழாய்வாளர்கள் கண்டெடுத்த மிகத் தொன்மையான ஏடுகளும் துண்டுகளும் சுமார் 5,000. காலம் ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 3000 வரை. அவற்றில் பெரும்பகுதி, பத்தில் எட்டுக்கும் மேல், வரவு செலவுக் கணக்கு. மிச்சம் இருப்பவை, எழுதக் கற்பவர்களுக்கான சொற்பட்டியல்கள். தெய்வத் துதியோ அரசன் புகழோ கதையோ அந்த முதல் ஏடுகளில் இல்லை. அவையெல்லாம் எழுதப்படப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

இன்னும் பின்னால் போகலாம். கி.மு. 8000 வாக்கிலிருந்தே மேற்காசியாவின் குடியிருப்புகளில் களிமண்ணில் உருட்டிய சிறு உருண்டைகள், கூம்புகள், வட்டுகள் கிடைக்கின்றன. இவை எண்ணும் காய்கள் என்றும், இவற்றிலிருந்தே எழுத்து கிளைத்தது என்றும் ஆய்வாளர் டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸராட் வாதிட்டார். கி.மு. 3500 வாக்கில் இந்தக் காய்களை உள்ளே போட்டு மூடிய களிமண் உருண்டைகள் வருகின்றன, மேலே முத்திரை. உள்ளே எத்தனை காய் இருக்கிறது என்று தெரிய உருண்டையை உடைக்க வேண்டும். அதைத் தவிர்க்க, மூடுவதற்கு முன் காய்களை ஈரமான வெளிப்புறத்தில் அழுத்திப் பதிய வைத்தார்கள். பதிவே கணக்கைச் சொல்லிவிட்டால் உள்ளே காய் எதற்கு? உருண்டை தட்டையாகி ஏடானது. ஒவ்வொரு காய்க்கும் பின்னாளில் ஒரு எழுத்துக்குறி பிறந்தது என்று அவர் சொன்ன அளவுக்குப் போக எல்லா அறிஞர்களும் தயாராக இல்லை. எண்கள் இந்த வழியாக வந்தன என்பதை மறுப்பவர்கள் குறைவு.

ஊருக்கின் மண்ணைத் தோண்டினால் வேறு எதைவிடவும் அதிகமாக அகப்படுவது ஒரு கிண்ணம். விளிம்பு சாய்வாகச் சீவப்பட்ட, அச்சில் அழுத்திச் செய்த, அழகு எதுவும் இல்லாத முரட்டுக் கிண்ணம். ஆயிரக்கணக்கில் செய்து, பயன்படுத்தி, வீசி எறிந்திருக்கிறார்கள். ஒரு வேலையாளுக்கு ஒரு நாள் படி அளந்த பாத்திரம் என்று பலர் கருதுகிறார்கள்; ரொட்டி சுடும் அச்சு என்போரும் உண்டு. ஆதி எழுத்தில் உணவுப் படிக்கான குறி இதே கிண்ணத்தின் வடிவில் இருக்கிறது. மனிதத் தலை ஒன்றை வரைந்து அதன் வாயருகே கிண்ணத்தை வைத்தால் 'உண்' என்று பொருள். எழுத்தின் முதல் வினைச்சொற்களில் ஒன்று இது.

அந்த ஏடுகளில் குஷிம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பீர் காய்ச்சத் தேவையான பார்லியையும் முளைகட்டிய தானியத்தையும் பொறுப்பில் வைத்திருந்தவர். ஓர் ஏட்டில் 29,086 அளவு பார்லி, 37 மாதங்கள், குஷிம் என்று இருக்கிறது. எழுத்தின் வரலாற்றில் நமக்குத் தெரியவருகிற முதல் பெயர் இதுவாக இருக்கலாம். ஒரு தலைவனின் பெயரோ கவிஞனின் பெயரோ அல்ல. இவ்வளவு தானியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனின் பெயர்.

பதில் சொல்ல வேண்டியவன் என்ற நிலையிலிருந்து கடன்பட்டவன் என்ற நிலைக்கு அதிக தூரம் இல்லை. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் விளைச்சலில் ஒரு பங்கு அளக்க வேண்டும். பொய்த்த வருஷத்தில் அளக்க முடியவில்லை என்றால் அது பாக்கி. பாக்கி மறு வருஷத்துக்கு ஏறும்போது வட்டி சேரும். சுமேரிய மொழியில் வட்டிக்கு 'மாஷ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருள். வட்டி குட்டி போடுகிறது என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பாபிலோனியக் காலத்தில் வழக்கமான வட்டி வெள்ளிக்கு நூற்றுக்கு 20, பார்லிக்கு மூன்றில் ஒரு பங்கு. ஹமுராபியின் சட்டம் இதையே அளவாக எழுதி வைக்கிறது: ஒரு கூர், அதாவது 300 சிலா தானியத்துக்கு 100 சிலா வட்டி. ஒரு சிலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். விதைக்கும் முன் மூன்று மூட்டை வாங்கியவன் அறுவடையில் நான்கு மூட்டை அளக்க வேண்டும். நல்ல விளைச்சல் வந்தால் தாங்கலாம். இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்தால் எந்தக் குடும்பமும் தாங்காது.

அதன்பின் என்ன நடக்கும் என்பதை ஏடுகள் ஒளிக்கவில்லை. முதலில் ஆடுமாடு போகும், அப்புறம் நிலம், அப்புறம் மகளும் மகனும் மனைவியும் கடன் கொடுத்தவன் வீட்டில் வேலைக்குப் போவார்கள். கடைசியில் அவனே போவான். கொத்தடிமை என்ற நம் சொல்லை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்.

கி.மு. 2400 வாக்கில் லகாஷ் நகரை ஆண்ட என்மெதெனா, தான் தாய்க்கு மகனையும் மகனுக்குத் தாயையும் திருப்பிக் கொடுத்ததாகவும், வட்டிக் கடனைத் தள்ளியதாகவும் பதிவு செய்திருக்கிறான். அதே அரசன் இன்னொரு களிமண் கூம்பில், பக்கத்து நகரமான உம்மா, லகாஷின் தெய்வங்களின் பார்லியைக் கடனாக உண்டு, வட்டி மேல் வட்டி ஏறி அடைக்கவே முடியாத மலையாக வளர்ந்துவிட்டது என்று எழுதிப் போருக்கு நியாயம் கற்பிக்கிறான். தன் ஊர்க்காரர்களின் கடனைத் தள்ளுகிறவன் எதிரி ஊரின் கடனைப் பெருக்குகிறான். கடன் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. இவனுக்குச் சில தலைமுறை பின்னால் அதே லகாஷை ஆண்ட உருகாகினாவும், விதவையையும் அநாதையையும் வலியவன் கையில் விடமாட்டேன் என்று தன் தெய்வத்திடம் வாக்குக் கொடுத்ததாக எழுதினான்.

இந்த விடுவிப்புக்குச் சுமேரியர் வைத்த பெயர் அமர்கி. 'அம' என்றால் தாய். முழுச் சொல்லுக்கும் தாயிடம் திரும்புதல் என்று பொருள். கடனுக்காகப் போன பிள்ளை வீடு திரும்புவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மட்டுமே வைக்கக்கூடிய பெயர் இது. நாம் 'விடுதலை' என்று பொதுவாக எழுதும் கருத்துக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சொல் இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். (தமிழ் வாசகருக்கு 'அம' என்ற ஒலி காதில் பட்டதும் மனம் துள்ளும். ஊர் என்ற நகரப் பெயரும் அப்படியே. தாயைக் குறிக்கும் சொல்லில் மகர ஒலி வருவது உலகெங்கும் உள்ள வழக்கம்; இரண்டொரு சொல் ஒத்துப்போவதால் மொழி உறவு நிறுவப்படாது. சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்திலும் சேர்க்கப்படாமல் தனித்து நிற்கிறது. அந்தத் தனிமையை மதிப்பதுதான் அதற்கு நாம் காட்டும் மரியாதை.)

சுமேரியம் பேச்சுமொழியாக மறைந்து, அக்காத் மொழி நாட்டில் பரவி, அமோரிய வம்சத்து அரசர்கள் பாபிலோனில் அமர்ந்த பின்னும் இந்த வழக்கம் நின்றுவிடவில்லை. பெயர் மட்டும் மிஷாரும் என்று மாறியது. நேராக்குதல், சீர்செய்தல் என்று அதற்குப் பொருள். கி.மு. 1792இல் பட்டத்துக்கு வந்த ஹமுராபியின் இரண்டாம் ஆண்டுக்கு, நாட்டில் மிஷாரும் நிறுவிய ஆண்டு என்றே பெயர். அங்கே ஆண்டுகளுக்கு எண் கிடையாது. முக்கியமான நிகழ்ச்சியின் பெயரையே ஆண்டுக்கு வைப்பார்கள். ஆகவே அந்த ஆண்டு எழுதிய கிரயமும் ஒப்பந்தமும் ஒவ்வொன்றும் தேதியாக அந்தக் கடன் தள்ளுபடியைத் தாங்கி நிற்கின்றன. அவனுடைய 43 ஆண்டு ஆட்சியில் இது ஒருமுறையோடு முடியவில்லை. அவனுக்குப் பின் வந்தவர்கள் பட்டமேற்றவுடன் அறிவிப்பது ஏறக்குறைய மரபாகிவிட்டது. அரசன் பொன் தீப்பந்தத்தை உயர்த்திப் பிடிப்பான் என்று சிப்பார் நகரத்து ஏடு ஒன்று சொல்கிறது. அதுதான் நாட்டுக்கு அடையாளம்.

அரசனுக்கு ஏன் இந்த அக்கறை? கருணையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, கருணையே இல்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. கடனில் மூழ்கிய குடியானவன் அரசனுக்கு வாய்க்கால் வெட்ட வரமாட்டான், படைக்கு வரமாட்டான், வரி கட்டமாட்டான்; அவன் உழைப்பு முழுதும் கடன் கொடுத்தவனுடையது. இன்னொன்றும் உண்டு. பாக்கிகளில் கணிசமானவை அரண்மனைக்கே சேர வேண்டியவை. வணிகர்கள் அவற்றை வசூலிக்கும் இடைத்தரகர்களாக இருந்தார்கள். தன் பங்கைத் தள்ளுவதன் மூலம் தனியார் பங்கையும் தள்ளவைக்கும் அதிகாரம் அரசனுக்கு இருந்தது.

இந்த அறிவிப்புகளில் ஏறக்குறைய முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஹமுராபியின் வம்சத்தில் பிற்பட்ட அம்மி-சதூகாவினுடையது, காலம் கி.மு. 1646 வாக்கு. இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய எஃப். ஆர். கிராவுஸ் 1958இல் இதைப் பதிப்பித்தார். அம்மி-சதூகாவின் பெயர் வானியலாளர்களுக்கு அவன் காலத்து வெள்ளிக் கிரகக் குறிப்புகளால் பழக்கம். என் கணக்கில் இந்த ஆணைதான் அவன் பெயரைக் காக்க வேண்டியது.

ஆணை எழுதப்பட்ட விதத்தைக் கவனித்தால், அதை வரைந்தவர்கள் கடன் கொடுப்பவர்களின் எல்லாத் தந்திரங்களையும் அனுபவத்தில் கண்டவர்கள் என்று தெரியும். அக்காதியரோ அமோரியரோ, யாருக்குப் பார்லியோ வெள்ளியோ வட்டிக்குக் கொடுத்து ஏடு எழுதியிருந்தாலும் அந்த ஏடு உடைக்கப்படும். அறிவிப்பு வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து அவசரமாக மிரட்டி வசூலித்தவன் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். தர மறுத்தால் மரணம். இது கடனே அல்ல, சரக்கு வாங்கக் கொடுத்த பணம், அல்லது பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த பொருள் என்று ஏட்டை மாற்றி எழுதி வைத்தவன் சாட்சிகளால் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் மரணம். ஊரில் மதுக்கடை நடத்தும் பெண், கடனாகக் கொடுத்த பீருக்கும் பார்லிக்கும் வசூல் கேட்க முடியாது. கடன் அட்டூழியம் என்றால் பெரிய வணிகர்களை மட்டும் நினைக்கிறோம். மதுக்கடைக் கணக்கில்தான் ஏழைக் குடும்பத்தின் தானியம் முதலில் கரைகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தள்ளுபடிக்கு எல்லையும் இருந்தது. வணிகப் பயணத்துக்கோ கூட்டு முதலீட்டுக்கோ கொடுத்த பணம் தள்ளுபடி ஆகாது. பிழைக்க வாங்கிய கடன் வேறு, பெருக்க வாங்கிய கடன் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 3,600 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாக இந்தக் கோட்டைக் கிழித்தவர்களின் முன் நான் தலைவணங்குகிறேன். ஊருக், இசின் போன்ற பெயர் குறிப்பிடப்பட்ட இடங்களின் குடிகள் கடனுக்காகத் தம்மையோ மனைவியையோ பிள்ளைகளையோ விற்றிருந்தால் விடுதலை. ஆனால் எசமான் வீட்டிலேயே அடிமைக்குப் பிறந்தவருக்கு அந்த விடுதலை கிடையாது என்று அதே ஆணை வெட்டிச் சொல்கிறது. தாயிடம் திரும்பும் உரிமை, தாயும் அடிமையாக இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அந்த நாகரிகத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் கல்லில் வெட்டிய அரச விளம்பரம், நடைமுறையில் எதுவும் நடக்கவில்லை என்று ஒரு சாரார் சொல்லி வந்தார்கள். சிப்பார் ஏடு அதற்கு நல்ல மறுமொழி. பொன் தீப்பந்தம் உயர்ந்த பின், ஆணைக்கு உட்பட்டவை எவை என்று பார்க்க அதிகாரிகள் ஏடுகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். வீடு வாங்கிய ஒருவன், முத்திரையிட்ட தன் கிரய ஏட்டை, தன்னை விசாரிக்காமலே உடைத்துவிட்டார்கள் என்று மேலிடத்தில் முறையிடுகிறான். நியாயமான ஏடும் தவறிப்போய் உடையும் அளவுக்கு உடைப்பு நடந்திருக்கிறது. கடன் ஒப்பந்தங்களிலேயே, இது அரச ஆணைக்குப் பின் கொடுத்த கடன் என்று சிலர் குறிப்பெழுதிக்கொண்டதையும் பார்க்கிறோம். வெற்று அறிவிப்புக்கு அஞ்சி யாரும் அப்படி எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

கி.மு. 1595 வாக்கில் ஹிட்டைட் அரசன் முர்சிலி பாபிலோனைக் கொள்ளையடித்ததோடு இந்த வம்சம் முடிந்தது. ஹமுராபியின் தூணும் பின்னொரு நாள், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஈலம் நாட்டு அரசனால் சூசாவுக்குத் தூக்கிச் செல்லப்பட்டது. 1901–02 குளிர்காலத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அதை அங்கேதான் கண்டெடுத்தார்கள். இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விடுவிப்புக்கு அக்காத் மொழியில் இருந்த இன்னொரு சொல் அந்துராரும். அது எபிரேய மொழியில் தெரோர் என்ற வடிவில் விவிலியத்தின் லேவியர் நூலில் நிற்கிறது, ஐம்பதாம் ஆண்டு யூபிலியைப் பற்றிச் சொல்லும் இடத்தில்.

களிமண் ஏடுகளுக்கு ஒரு வினோதமான விதி இருந்தது. கடன் அடைந்தால் கடன் கொடுத்தவன் ஏட்டைத் திருப்பித் தருவான். வாங்கியவன் அதை உடைப்பான், அல்லது நனைத்துப் பிசைந்துவிடுவான். நிப்பூர் நகரில் எழுத்துப் பள்ளியாக இருந்த ஒரு வீட்டில், பழைய ஏடுகளை ஊறவைத்துப் புதுக் களிமண் பிசைவதற்கென்றே ஒரு தொட்டி இருந்தது. முறையாகத் தீர்ந்த கடனின் ஏடு ஆகவே நம் கைக்கு வந்து சேராது. அப்படியிருக்க, பழைய பாபிலோனியக் கடன் ஏடுகள் ஏராளமாகக் கிடைப்பது எப்படி? பிரெஞ்சு ஆய்வாளர் டொமினிக் ஷார்பன் இதற்கு விடை தேடினார். தப்பிப் பிழைத்த ஏடுகளின் தேதிகளைப் பார்த்தால், மிஷாரும் அறிவிக்கப்பட்ட ஆண்டுகளுக்குச் சற்று முந்தையவை அவற்றில் கூட்டமாக இருக்கின்றன. அரச ஆணையால் ஒரே நாளில் செல்லாமல்போன ஏடுகள் அவை. வசூலிக்கவும் வழியில்லை, திருப்பிக் கொடுக்கவும் காரணமில்லை. கடன் கொடுத்தவன் அவற்றை ஒரு மூலையில் போட்டான். மேலே வீடு இடிந்தது, மணல் மூடியது. அவற்றில் எத்தனை மூட்டை பார்லி, என்ன வட்டி, எந்த அறுவடையில் அளக்க வேண்டும், யார் யார் சாட்சி என்பதெல்லாம் இன்றும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அந்தப் பார்லியை யாரும் அளக்கவில்லை.